சின்ன சர்க்யூட்டில் கரண்ட் போதவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம். எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்பது இது: "எல்.இ.டி. எரிகிறது, ரிலே மட்டும் இழுக்க மாட்டேன் என்கிறது. கரண்டை எப்படிக் கூட்டுவது?" ரிலே என்பது, சுருளில் கரண்ட் பாய்ந்தால் காந்தமாகி இழுத்துக்கொள்ளும் சுவிட்ச்.

பலரும் உடனே ரெசிஸ்டரைக் குறைத்துப் பார்க்கிறார்கள். ஓம் விதிப்படி, தடை பாதியானால் மின்னோட்டம் இரண்டு மடங்கு. ஆனால் வோல்டேஜ் இறங்காமல் நின்றால்தான் அந்தக் கணக்கு செல்லும். சி.ஆர். 2032 பட்டன் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 3 வோல்ட் செல்தான். அதன் உள்ளேயே பத்து, இருபது ஓம் தடை இருக்கிறது. செல் தீரத் தீர இன்னும் ஏறும். உள்தடை 20 ஓம் என்றால், 100 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது 2 வோல்ட் செல்லுக்குள்ளேயே போய்விடும். வெளியே கிடைப்பது ஒரே ஒரு வோல்ட். அதனால் எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பதற்கு முன்னால், அது எங்கிருந்து வரப்போகிறது என்று கேளுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லின் கால்களும், அதாவது பின்களும், அப்படித்தான். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர் எடுப்பது நல்லது. 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருளுக்கோ 70 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேண்டும். பின்னை வருத்தாதீர்கள், சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் அதற்குத்தான் இருக்கிறது. கலெக்டர், எமிட்டர், பேஸ் என்று அதற்கு மூன்று கால்கள்.

காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் வரைந்துகொள்ளுங்கள். ரிலே சுருளின் ஒரு முனை 5 வோல்ட் சப்ளைக்கு. மறுமுனை என்.பி.என். வகை டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. எமிட்டர் கிரவுண்டுக்கு. பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு. பின் தரும் 5 வோல்ட்டில் பேஸில் 0.7 வோல்ட் கழியும், மிச்சம் 4.3 வோல்ட், அதாவது 4.3 மில்லி ஆம்பியர். அந்தச் சிறு ஓட்டம் 70 மில்லி ஆம்பியருக்கு வழி திறந்துவிடுகிறது. டிரான்சிஸ்டர் கரண்டை உண்டாக்குவதில்லை, தருவது சப்ளைதான். சப்ளை தனியாக இருந்தால் இரண்டு கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள். சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடும் கட்டாயம், கோடு போட்ட பக்கம் பிளஸுக்கு. ரிலே அணையும் கணத்தில் சுருள் எழுப்பும் உயர் வோல்டேஜ், டயோடு இல்லாவிட்டால் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். பெரிய மோட்டார் என்றால், மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டரைத் தேடுங்கள், அதன் கேட் என்ற காலில் 5 வோல்ட் கொடுத்தாலே முழுதாகத் திறப்பதாக இருக்கட்டும்.

பூஸ்ட் கன்வெர்ட்டர் போட்டால் கரண்ட் கூடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது கூட்டுவது வோல்டேஜை. அதற்கு ஈடாக பேட்டரியிலிருந்து அதிகக் கரண்டை இழுக்கும். கரண்டைப் பெருக்குவது, வோல்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர்: 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் கொடுத்தால், இழப்பு போக 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை எடுக்கலாம். 7805 போன்ற ரெகுலேட்டரில் இது நடக்காது. மிஞ்சிய வோல்டேஜ் வெறும் சூடாகப் போய்விடும்.

கரண்ட் ஒரு கணம் மட்டும் தேவைப்படும் இடங்களும் உண்டு. பெரும்பாலும் உறங்கிக்கொண்டு, எப்போதாவது விழித்து ரேடியோவில் செய்தி அனுப்பும் சென்சார் அப்படிப்பட்டது. அங்கே பேட்டரிக்கு இணையாக 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று போதும். அது தனியாகவே 20 மில்லி ஆம்பியரை 10 மில்லி விநாடி கொடுத்தாலும் 0.2 வோல்ட்தான் இறங்கும். கசிவு குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் சென்சார் உறங்கும் நேரத்திலும் பேட்டரி கரையும். வணக்கம்.