450 ரூபாய் ரெக்கார்டும் ஒரு ஸ்கிராட்ச்சும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வெங்காயம் நறுக்கப் போவதில்லை. காரணம் இதோ, இந்த ரெக்கார்ட். காலையில் பெங்களூர் சண்டே பஜாரில் கிடைத்தது. கடைக்கார அண்ணன் 800 சொன்னார், நான் 300 என்றேன். "அக்கா, அட்டைக்கே அந்த விலை" என்றார். நாலு அடி நடந்தேன், கூப்பிட்டார். 450! அந்த நாலு அடியை எப்படி நடக்க வேண்டும் என்று தனி வீடியோவே போடலாம். அல்சூர் திரும்ப ஆட்டோவுக்குக் கொடுத்ததை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

சரி, இந்த ரெக்கார்டில் பாடுவது கார்ட்டர் குடும்பம், பழைய கன்ட்ரி இசைக் குழு. அமெரிக்காவில் வர்ஜீனியா மலைப்பக்கம். ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் ஓரகத்தி மேபெல். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் ஊருக்குப் போய் இரண்டு நாளில் 6 பாட்டு பதிவு செய்தார்கள். மேபெலுக்கு அப்போது 18 வயது. அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், அடுத்த மாதமே பிரசவம்! அந்த வயிற்றோடு கிட்டார் வாசித்திருக்கிறார்.

கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மெட்டைப் பிடிக்கும், ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளை வருடித் தாளம் போடும். கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். இதற்குப் பெயரே கார்ட்டர் ஸ்கிராட்ச். என் கிட்டார் வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், என் கட்டைவிரல் யார் பேச்சையும் கேட்காது.

ஏ.பி.யை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தார், சரி. கூடவே போனவர் லெஸ்லி ரிடில், கறுப்பினக் கிட்டார் கலைஞர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் ஏற்றிக்கொள்வார். பிறகு உரிமை மட்டும் ஏ.பி. பெயரில்! எங்கள் ஆயாவின் நடவுப் பாட்டை எவனாவது அப்படிப் பதிந்தால் ஆயா களைக்கொட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கும்.

1936இல் ஏ.பி.க்கும் சாராவுக்கும் விவாகரத்து. அதற்கப்புறமும் சில வருடம் சேர்ந்தே பாடினார்கள். பாட்டுக்கு நடுவில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்! குழு கலைந்த பிறகு மேபெல் தன் மூன்று பெண்களோடு மேடையேறினார். பிரபல பாடகர் ஜானி கேஷ் கட்டிக்கொண்ட ஜூன், அதில் நடுப்பெண்.

இப்போது போடுகிறேன், கேளுங்கள்... ஐயோ. மேபெல் கிட்டார் தொடங்கும் இடத்தில் ஊசி குதிக்கிறது. மறுபடியும். ரெக்கார்டிலேயே ஸ்கிராட்ச்! அடுத்த ஞாயிறு போய்ச் சண்டை போடலாம்தான். "அதுக்குத்தானே அக்கா 450" என்பார் அந்த அண்ணன்.