ஆகாயக் கப்பல் தளபதி மாத்தி: திறமை எங்கே இருந்தது, ஏன் குதித்தார்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "முதல் உலகப் போரில் ஜெர்மன் கடற்படையின் ஆகாயக் கப்பல் தளபதிகளில் ஹைன்ரிஷ் மாத்திதான் கெட்டிக்காரர் என்று போன காணொளியில் சொன்னீர்கள். பெரிய பலூனில் போய் இருட்டில் குண்டு போடுவதில் என்ன திறமை இருக்கிறது? அவ்வளவு கெட்டிக்காரர் ஏன் மேலிருந்து குதித்துச் செத்தார், பாராசூட் இல்லையா?"

நல்ல கேள்வி. முதலில் பலூன் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். 1915-ல் மாத்தி ஓட்டிய எல் 13 கப்பலின் நீளம் 163 மீட்டர். உலோகச் சட்டகம், அதற்குள் மாட்டுக் குடல் சவ்வை ஒட்டிச் செய்த பெரிய பெரிய பைகளில் ஹைட்ரஜன், நான்கு மேபாக் எஞ்சின்கள். எதிர்க்காற்று பலமாக அடித்தால் வேகம் பாதியாகிவிடும், பக்கக் காற்று அடித்தால் தெரியாமலே பல மைல் தள்ளிக்கொண்டு போய்விடும். வடகடல் கரையிலிருந்து பகலில் கிளம்பி இங்கிலாந்துக் கரையைத் தொடும்போது இருட்டியிருக்கும், கீழே ஊர்களில் விளக்கு அணைத்திருப்பார்கள், நடுவில் மேகம் வந்துவிட்டால் எந்த மாவட்டத்தின் மேல் இருக்கிறோம் என்றே தெரியாது. ரேடியோவில் திசை கேட்டு வாங்கலாம், அதுவும் தப்பும். மற்ற தளபதிகள் நிறையப் பேர் லண்டனைத் தாக்கினோம் என்று மனசார நம்பி அறிக்கை எழுதினார்கள், குண்டு விழுந்ததோ வயல்வெளியில். மாத்தியின் திறமை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருந்தது. போருக்கு முன் டார்பிடோ படகுகளில் இருந்த மாலுமி அவர், காற்றையும் நேரத்தையும் கணக்குப் போட்டு வழி பிடிக்கும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது.

1915 செப்டம்பர் 8 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கு வடமேற்கே வந்து, கோல்டர்ஸ் கிரீன் பக்கமாக நுழைந்து, புளூம்ஸ்பரி வழியாக நகரத்தின் நடுவுக்குள் போகிறார். 300 கிலோ குண்டு ஒன்று பார்த்தாலோமியு மருத்துவமனைக்குப் பக்கத்தில் விழுகிறது. அப்புறம் வுட் ஸ்ட்ரீட் பகுதியின் துணிக் கிடங்குகள் பற்றி எரிகின்றன, லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையம் பக்கம் பேருந்துகள் மேலேயும் குண்டு. செத்தவர்கள் 22 பேர், சேதம் 5 லட்சம் பவுண்டுக்கு மேல். அந்தப் போரில் பிரிட்டன்மேல் நடந்த எந்த ஒரு விமானத் தாக்குதலிலும் இவ்வளவு பொருட்சேதம் இல்லை. பீரங்கிகள் சுட்டன, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதைப் பார்த்து மிரண்டுதான் லண்டன் பீரங்கிப் பாதுகாப்பை அட்மிரல் பெர்சி ஸ்காட்டிடம் ஒப்படைத்தார்கள், தேடுவிளக்குகளும் இரவு விமானங்களும் பெருகின. மாத்தி எவ்வளவு சரியாக வேலை செய்தாரோ அவ்வளவு வேகமாக அவருக்கு எதிரான வேலையும் நடந்தது.

உண்மையில் இந்தக் கப்பல்களை வீழ்த்தியது ஒரு புது வகைத் தோட்டா. அதுவரை விமானத்திலிருந்து சாதாரணத் தோட்டாவால் சுட்டால் ஓட்டை விழும், வாயு மெதுவாகக் கசியும், கப்பல் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடும். ஹைட்ரஜன் தானாகப் பற்றாது, காற்றோடு கலந்து அங்கே நெருப்பும் வேண்டும். 1916-ல் பிரிட்டிஷ்காரர்கள் வெடிக்கும் தோட்டாவையும் தீப்பற்றும் தோட்டாவையும் ஒரே துப்பாக்கியில் மாற்றி மாற்றி அடைத்தார்கள். முன்னது பையைக் கிழித்துக் காற்றை உள்ளே விடும், பின்னது கொளுத்தும். செப்டம்பர் 3 அதிகாலை எஸ்.எல். 11 என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் லண்டனுக்கு வடக்கே கஃப்லி கிராமத்தில் எரிந்து விழுந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி இரவு மாத்தி புதிய எல் 31-ல் லண்டனைக் குறுக்கே கடந்தார், தேடுவிளக்குக்காரர்களின் கண் கூச வெளிச்சக் குண்டு போட்டுக்கொண்டே போய்த் தப்பித்தார். கூட வந்த எல் 32 எரிந்தது, அதன் தளபதி பீட்டர்சன் உட்பட யாரும் பிழைக்கவில்லை. எல் 33 அடிபட்டு எசெக்ஸில் இறங்கியது, 22 பேரும் கைதானார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் ஒரு வாரத்தில், அக்டோபர் 1-ஆம் தேதி, மறுபடியும் கிளம்புகிறார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பாரமான இடம் இதுதான். இன்னொரு கொடுமை, முக்கியமான ரகசியக் குறியீட்டுப் புத்தகங்கள் எதிரியிடம் சிக்கிவிடக் கூடாதென்று அவற்றை விட்டுவிட்டு, கிளம்பும்போது இன்ன குறியீட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போகிறோம் என்று இவர்களே ரேடியோவில் சொல்லுவார்கள், அதைக் கேட்டதுமே பிரிட்டிஷ் கடற்படை இன்றிரவு தாக்குதல் என்று புரிந்துகொள்ளும். அன்று மாத்தி லண்டனுக்கு வடக்கே எஞ்சினை நிறுத்தி, சத்தமில்லாமல் காற்றோடு மிதந்து பார்த்தார். பிறகு எஞ்சினைப் போட்டதும் விளக்குகள் பிடித்துக்கொண்டன. செஷன்ட் என்ற ஊர்மேல் குண்டுகளைக் கொட்டி எடையைக் குறைத்துக்கொண்டு மேலே ஏறித் திரும்பிப்போகப் பார்த்தார், கீழே நொறுங்கியது வீடுகளும் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களும். அதற்குள் வுல்ஸ்டன் டெம்பெஸ்ட் என்ற விமானி வந்துவிட்டார். அவருக்கு எரிபொருள் பம்ப் பழுது, ஒரு கையால் பம்ப் அடித்துக்கொண்டே துரத்திச் சுட்டார். நள்ளிரவு நெருங்கும்போது எல் 31 பாட்டர்ஸ் பார் என்ற ஊரில் எரிந்து விழுந்தது. 19 பேரும் இறந்தார்கள். மாத்திக்கு வயது 33.

பாராசூட் கேட்டீர்கள். அப்போது பாராசூட் இருந்தது, ஆனால் ஒவ்வொரு கிலோவும் உயரத்தைக் குறைக்கும் என்று பெரும்பாலும் எடுத்துப்போக மாட்டார்கள். அதனால் தீப்பிடித்தால் எரிவதா குதிப்பதா என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். மாத்தி குதித்தார். உடல் பாதி மண்ணில் புதைந்த நிலையில் கிடைத்தது. அதைக் கோழைத்தனம் என்று சிலர் கமெண்டில் எழுதியிருந்தீர்கள், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், தலைக்கு மேலே 198 மீட்டர் கப்பல் முழுக்கத் தீயாக எரியும்போது அந்த மனிதனுக்கு வேறு என்ன வழி இருந்தது?

அதற்காக அவரை வீரநாயகனாக்கவும் நான் தயாரில்லை. நகரத்தைத் தாக்குவதைவிடக் கடலில் கப்பலோடு கப்பல் மோதுவதையே விரும்புவேன் என்கிற மாதிரி 1915-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் சொன்னார், ஆனாலும் போய்க்கொண்டே இருந்தார். அவர் குண்டு போட்ட ஹல் நகரத்திலும் லண்டனிலும் செத்தவர்கள் போருக்குப் போகாத மனிதர்கள். கப்பலிலிருந்து போட்ட குண்டு எங்கே விழும் என்று ஓரளவுக்குமேல் குறிவைக்க முடியாது, அது மற்ற எல்லாரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும். வழி தெரிந்தவர், அதனாலேயே மற்றவர்களைவிட அதிகம் பேர் சாவதற்குக் காரணமானவர், இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். சரி, அடுத்த கேள்வி எல் 70 என்ற இன்னொரு ஆகாயக் கப்பலைப் பற்றி, அதற்கு வருகிறேன்.