அம்மம்மாவுக்குக் கேட்ட இரைச்சல்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ விளையாட்டுகளை இப்போது புதிதாக மறுபடி செய்து வெளியிடுகிறார்களே, அது தேவையா என்று இந்த நிகழ்ச்சிக்காக என்னிடம் கேட்டார்கள். இருண்ட இசையில் எனக்கு ஏன் இத்தனை ஈடுபாடு என்றும் கேட்டார்கள். இரண்டு கேள்விகளும் என்னை வெள்ளவத்தையில் ஒரே வீட்டுக்குத்தான் கொண்டுபோகின்றன.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்துவிட்டார். கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. ரயில் போனால் கண்ணாடி அலுமாரி அதிரும். லண்டன் மாமா அனுப்பிய பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு இயந்திரம் அந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதில் நான் ‘சைலன்ட் ஹில் 2’ விளையாடிக்கொண்டிருந்தேன். 2001இல் வந்த ஜப்பானிய விளையாட்டு அது. மனைவி இறந்து மூன்று ஆண்டுகளான ஒருவனுக்கு அவள் பெயரில் ஒரு கடிதம் வருகிறது. அவளைத் தேடி மூடுபனி சூழ்ந்த ஓர் ஊருக்குப் போகிறான். தொடக்கத்திலேயே அவனுக்கு ஒரு சிறிய வானொலிப் பெட்டி கிடைக்கிறது. பயங்கர உருவம் ஏதாவது நெருங்கினால் அது இரையும். அதுதான் அதன் வேலை.

அந்த இரைச்சலைக் கேட்டு அம்மம்மா குசினியிலிருந்து வந்தார். “பிள்ளை, ஸ்டேஷன் பிடிபடவில்லை, முள்ளைக் கொஞ்சம் திருப்பு” என்றார். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர் அவர். யார் யார் போய்விட்டார்கள் என்பதை அந்த இரைச்சலுக்குள்தான் தேடியிருக்கிறார். இரையும் பெட்டிக்கும் நெருங்கும் ஆபத்துக்கும் என்ன தொடர்பு என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு இசை தொடங்கியது. அம்மம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். “யாருடைய செத்தவீடு?” என்று கேட்டார். கதையைச் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதைச் செய்தவனுக்கு ஒப்புச் சொல்லத் தெரியும்” என்றார்.

அந்த இசையமைப்பாளரின் பெயர் அகிரா யமஓகா. விளையாட்டின் இசையோடு அதன் ஓசைகளையும் அவரே அமைத்தார். துருப்பிடித்த இரும்பு உரசுவதுபோல ஓர் ஒலி வரும். அதன் பின்னாலேயே மனதைப் பிசையும் ஒரு மெட்டு வரும். பல இடங்களில் எதுவுமே கேட்காது. காலடி மட்டும். அம்மம்மாவைவிடச் சிறந்த விமர்சனத்தை அந்த இசைக்கு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

இதைக் கேட்கும் பெற்றோரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் பிள்ளை கறுப்புச் சட்டை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கனத்த கிட்டார் இசை கேட்டால் பயப்படாதீர்கள். ‘வீட்டில் முகாரி பாடாதே’ என்று சொல்லியே வளர்க்கிறோம். ஆனால் துக்கத்தைப் பாட ஒப்பாரி என்று ஒரு தனி வடிவமே வைத்திருப்பவர்கள் நாங்கள். பறைமேளத்தை அடக்கி வாசித்தா சாவை அறிவித்தோம்? கொட்டாஞ்சேனையில் என் தோழி வீட்டில் தபசுகாலம் வந்தால் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாட்டுகள் தொடங்கிவிடும். அவற்றைக் கேட்டு வளர்ந்த எவரும் அதனால் கெட்டுப்போகவில்லை. 2022இல் 13 மணிநேர மின்வெட்டு வந்த நாள்களில், கைப்பேசியில் மிஞ்சியிருந்த மின்னில் நான் கேட்டது இந்த இருண்ட இசையைத்தான். அந்த நாள்களில் மகிழ்ச்சியான பாட்டு எதுவும் என்னிடம் உண்மை பேசவில்லை.

‘ஹெவி மெட்டல்’ என்கிற இந்தக் கனத்த இசையின் பிறப்பைப் பாருங்கள். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி அயோமிக்கு 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்களின் நுனி போயிற்று. தந்தியை அழுத்தும் கையின் விரல்கள் அவை. பிளாஸ்டிக்கை உருக்கித் தானே நுனிகள் செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகள் கட்டினார். பிறகு விரல் நோகாமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்தினார். சுருதி இறங்கியது, ஓசை கனத்தது. 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ‘பிளாக் சபத்’ குழுவின் கிட்டார் அவருடையது. இன்று கொழும்பில் ஒரு பையன் வாசிக்கும் கனத்த சுரத்துக்குள்ளும் அந்த வெட்டுண்ட விரல்கள் இருக்கின்றன.

பழைய விளையாட்டுகளின் மறு ஆக்கங்களை நான் அளப்பதும், குறையிலிருந்து என்ன பிறந்தது என்ற இந்தக் கோலால்தான். ‘சைலன்ட் ஹில்’ ஊரின் மூடுபனி எப்படி வந்தது? 1999இல் முதல் பாகம் வந்தபோது, பழைய பிளேஸ்டேஷனால் தூரத்துத் தெருவை வரைய முடியவில்லை. வரைய முடியாததைப் பனியும் இருட்டும் போட்டு மறைத்தார்கள். வலிமை கூடிய அடுத்த இயந்திரம் வந்த பிறகும் பனியை அவர்கள் கைவிடவில்லை, ஏனென்றால் பயம் அதற்குள்தான் இருந்தது. ‘ரெசிடென்ட் ஈவில் 2’ என்ற இன்னொரு திகில் விளையாட்டையும் சொல்லலாம். 1998இல் ஒவ்வோர் அறைக்கும் முன்னால் ஒரு கதவு மெதுவாகத் திறக்கும். வட்டிலிருந்து அடுத்த அறையைப் படித்தெடுக்க இயந்திரத்துக்குத் தேவைப்பட்ட நேரம் அது. 2019இன் மறு ஆக்கத்தில் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. நல்ல விளையாட்டுத்தான், இரண்டு முறை முடித்திருக்கிறேன். ஆனாலும் கதவுக்கு முன்னால் நெஞ்சு அடித்துக்கொண்ட அந்தச் சில நொடிகளை அது எனக்குத் திருப்பித் தரவில்லை.

2012இல் ‘சைலன்ட் ஹில் 2’ஐத் துலக்கி மறுபடி வெளியிட்டார்கள். விளையாட்டை இயக்கும் கணினி நிரலின் இறுதி வடிவம் பாதுகாக்கப்பட்டிருக்கவில்லை; முற்றுப்பெறாத நிரலை வைத்தே அந்தப் பதிப்பைச் செய்தார்கள். பனி மெலிந்தது. வரையாமல் விட்ட நிலத்தின் விளிம்பு பல்லிளித்துக்கொண்டு தெரிந்தது. ஒரு குறையை மறைக்கப் போட்ட திரையை விலக்கினால் குறை மட்டுமே மிஞ்சும்.

2024 அக்டோபரில் வந்த மறு ஆக்கத்தைப் போலந்து நாட்டுக் குழு ஒன்று செய்தது. தயக்கத்தோடுதான் தொடங்கினேன். தூரத்தில் நின்று பார்த்த கமரா இப்போது தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. அதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. மருத்துவமனைப் பகுதியை இழுத்துவிட்டார்கள். ஆனால் பனி அடர்த்தியாக இருந்தது. இசைக்கு யமஓகாவையே அழைத்திருந்தார்கள். வானொலிப் பெட்டி முதல்முறை இரைந்தபோது நான் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அம்மம்மா போய் அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அம்மம்மாவின் குரல் ஒரு கசெட்டில் இருந்தது. அம்மப்பாவின் செத்தவீட்டில் அவர் ஒப்புச் சொன்னதை, வெளிநாட்டிலிருந்து வரமுடியாத பிள்ளைகளுக்காகப் பதிவு செய்திருந்தார்கள். பின்னர் வீட்டில் யாரோ அதன்மேல் சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. கசெட்டின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சொற்கள் எனக்குப் பாடம். சென்ற ஆண்டு கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு நானே பாடிப் பதிந்து பார்த்தேன். மெட்டுச் சரி, ஒரு வரியும் பிசகவில்லை. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அவவுக்கு முட்டு இருந்தது, பிள்ளை” என்றார். மூச்சு முட்டி அம்மம்மா வரிக்கு நடுவே நிறுத்துவார். அந்த இடத்தில்தான் சுற்றியிருந்த பெண்கள் சேர்ந்து அழுவார்கள். எந்தச் சொல்லில் நிறுத்தினார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா இரண்டு வரிகளைத் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு தெரியவில்லை என்றார்.