ஒரு ஜோடி கையுறைக்காக ஒரு முறையீடு

அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்க, ரோமானியப் பொதுமக்களின் நம்பிக்கைகளைப் பற்றிப் பேச அழைத்தார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரு ஜோடி கையுறையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறேன்.

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வெந்நீர் ஊற்று. 46 டிகிரி சூட்டில், ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பொங்கி வருகிறது. ரோமானியர்கள் வருவதற்கு முன்பே அந்த ஊற்றுக்குச் சூலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வம் இருந்தாள். வந்தவர்கள் அவளை விரட்டவில்லை. தங்கள் தெய்வமான மினெர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினெர்வா என்று கும்பிட்டார்கள். கோயில் எழுந்தது, பக்கத்திலேயே பெரிய குளியல் மண்டபமும் எழுந்தது.

1979-80இல் அந்த ஊற்றின் அடிச் சேற்றைத் தோண்டினார்கள். ஆயிரக்கணக்கான காசுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஈயத் தகடுகள் கிடைத்தன. பாத்தில் கிடைத்தவை மொத்தம் சுமார் 130. பல தகடுகள் இறுக்கமாகச் சுருட்டியோ மடித்தோ கிடந்தன. பிரித்துப் பார்த்தால், கூர்மையான எழுத்தாணியால் கீறிய லத்தீன். கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டு வரை அங்கே வந்துபோன மக்கள் எழுதிப் போட்டவை. ரோஜர் டாம்லின் என்ற அறிஞர் அவற்றை எழுத்து எழுத்தாகப் படித்து 1988இல் வெளியிட்டார்.

அதில் ஒன்று இப்படிச் சொல்கிறது: டோகிமெடிஸ் இரண்டு கையுறைகளை இழந்துவிட்டான், எடுத்தவனுக்குப் புத்தியும் கண்களும் தெய்வத்தின் கோயிலிலேயே போக வேண்டும் என்று கேட்கிறான்.

கையுறைக்காகவா கண் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் அந்த இடத்தை மனதில் வைத்துப் பார்த்தேன். குளிக்கப் போகிறவர் உடுப்பைக் களைந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். வசதி உள்ளவருக்கு உடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் அடிமை கூடவே வருவான். இல்லாதவர் வெளியே வரும்போது வைத்த இடம் காலியாக இருந்தால்? ஈர உடம்போடு பிரிட்டன் குளிரில் நிற்க வேண்டியதுதான். சோலினுஸ் என்பவர் குளியல் அங்கியையும் மேலாடையையும் இப்படித்தான் இழந்தார். டோகிலியானுஸ் இழந்தது தலைமூடி வைத்த மேலங்கி. கையால் நூற்று, கையால் நெய்த துணி. போனால் இன்னொன்று சுலபமாக வராது.

ரோமானியச் சட்டத்தில் திருட்டு பெரும்பாலும் தனிமனிதர்களுக்கு இடையிலான வழக்கு. திருடனைப் பறிகொடுத்தவரே கண்டுபிடித்து நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும். யாரென்றே தெரியாத திருடனை எங்கே போய் இழுப்பது?

சரி, தெய்வத்திடம் போவோம் என்றார்கள். அதை அவர்கள் செய்த விதத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு வருகிறது. சோலினுஸ் தன் உடுப்பை மீட்டுத் தா என்று தொடங்கவில்லை. 'இவற்றை உன் மகிமைக்குக் கொடுக்கிறேன்' என்று எழுதுகிறார். காணாமல் போன துணியைத் தெய்வத்தின் பேருக்கு மாற்றிவிடுகிறார்! இனித் திருடன் வைத்திருப்பது சோலினுஸின் சொத்தல்ல, சூலிஸின் சொத்து. கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்குத் தூக்கமும் வேண்டாம், ஆரோக்கியமும் வேண்டாம். திருடியவர் 'ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ' என்று ஓர் ஆளும் தப்பிவிடாதபடி வக்கீல் பத்திரம் போல எழுதியிருக்கிறார்கள். இதைச் சூனியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இது மனு.

அன்னியானுஸின் தகடு இன்னும் ஒரு படி மேலே. அவருடைய பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசுகள் போய்விட்டன. பைக்கு அவர் எழுதிய சொல் 'புர்சா'. நாம் தினமும் சொல்லும் பர்ஸ் அந்தச் சொல்லின் வழியாக வந்ததுதான். சந்தேகப் பட்டியலில் அவர் 'கிறிஸ்தவரோ, அல்லாதவரோ' என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஊரில் புதிய மதம் பரவிவிட்டது. ஆனாலும் யாராக இருந்தாலும் சூலிஸின் கைக்குத் தப்ப முடியாது என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார்.

இந்த வழக்கம் பிரிட்டனில் பிறந்தது அல்ல. அதற்கு 500 ஆண்டுகளுக்கு மேல் முன்பே கிரேக்கர்கள் ஈயத்தில் எழுதிக் கல்லறைகளில் புதைத்தார்கள். அதற்குக் 'கட்டுதல்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வழக்கில் எதிராளியின் நாக்கைக் கட்டு என்பது அடிக்கடி வரும் வேண்டுதல். ஏதென்ஸ் பகுதியில் கிடைத்த ஒரு தகட்டில், காலியாஸ் என்ற பக்கத்து மதுக்கடைக்காரரையும் அவர் மனைவியையும் 'கட்டுகிறேன்' என்று ஒருவர் எழுதி, வேறு மதுக்கடைகளையும் வரிசையாகச் சேர்த்திருக்கிறார். பிளேட்டோகூட பணக்காரர் வீட்டு வாசலில் நின்று இந்த மாதிரிக் கட்டு விற்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மறுபடி பாத்துக்கே வருகிறேன், என் மனம் அங்கேதான் இருக்கிறது. 1880இல் கிடைத்த ஒரு தகட்டில் ஒவ்வொரு சொல்லும் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கிறது. 'என்னிடமிருந்து வில்பியாவைத் திருடியவர் தண்ணீர் போல் கரைந்து போகட்டும்.' கீழே சந்தேகப்படும் ஆட்களின் பெயர்கள். வில்பியா ஒரு பெண் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். ஏதோ ஒரு பொருளின் பெயராகவும் இருக்கலாம் என்று பின்னால் சொன்னார்கள். பசிலியா என்ற பெண் வெள்ளி மோதிரத்தை இழந்திருக்கிறாள். எடுத்தவரோடு, தெரிந்தும் வாய் திறக்காதவரையும் சேர்த்துச் சபிக்கிறாள். எனக்கு அவள் கோபம் நன்றாகப் புரிகிறது.

ஊரில் ஓர் எழுத்தர் உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தாரா என்றால், அப்படித் தெரியவில்லை. கையெழுத்துகள் பெரும்பாலும் வேறு வேறு. யாரோ சொன்ன வாசகத்தைப் பார்த்து, தப்பும் தவறுமாகத் தாங்களே கீறியிருக்கிறார்கள்.

அந்தக் குவியலில் சில தகடுகளில் எழுத்தே இல்லை. எழுத்து மாதிரி வரிவரியாகக் கோடுகளும் வளைவுகளும் மட்டும் இருக்கின்றன. எந்த மொழியும் அல்ல. எழுதத் தெரியாத யாரோ ஒருவர், பக்கத்தில் இருந்தவர் எழுதுவதைப் பார்த்திருக்க வேண்டும். அதே மாதிரி வரி நேராக வரும்படி கீறியிருக்கிறார். அவர் இழந்தது என்ன என்று நமக்குப் படிக்க முடியாது. தெய்வம் படித்துக்கொள்ளும் என்று தண்ணீரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.