ஒரே பெஞ்சில் ஒரு கணினிக்குச் சர்வர் திறக்கிறது, அடுத்ததற்குத் திறக்கவில்லை

ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "பள்ளிச் சர்வரின் ஒரு போர்ட்டை மோடத்துடனும் இன்னொன்றைச் சுவிட்சுடனும் இணைத்தோம். சுவிட்சில் வைஃபை ரவுட்டரை மாட்டினோம். சில மடிக்கணினிகளில் சர்வர் திறக்கிறது, சிலவற்றில் திறக்கவில்லை. கேபிள் பழுதா?"

அம்மா, நல்ல கேள்வி. "சிலவற்றில்" என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. கேபிள் பழுதென்றால் எல்லோருக்கும்தான் போயிருக்கும்.

எப்போதும் சொல்வதுதான்: பந்தியில் இடம் காட்டுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மடிக்கணினி வைஃபையில் சேர்ந்ததும் "எனக்கு முகவரி (வலையமைப்பில் என்னை அடையாளம் காட்டும் எண்) கொடுங்கள்" என்று பொதுவாகக் கூவும். அதற்குப் பதில் தருவதுதான் டிஎச்சிபி. உங்கள் சர்வரிலும் அது ஓடுகிறது, ரவுட்டரிலும் ஓடுகிறது. பெரும்பாலும் முதலில் யார் பதில் தருகிறாரோ, அவர் பந்தியில் அது உட்கார்ந்துவிடும்.

ஒரு பள்ளியில் நான் அரை நாள் கேபிள் கேபிளாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரே பெஞ்சில் இருந்த இரண்டு மடிக்கணினிகளின் முகவரியைப் பார்த்தேன். ஒன்றில் 172.18.0.23, பக்கத்தில் 192.168.0.104. முதலாவது சர்வர் கொடுத்தது, இரண்டாவது ரவுட்டர் கொடுத்தது. இரண்டும் வேறு வேறு வரிசை; அப்புறம் எப்படிச் சந்திக்கும்?

ரவுட்டரைச் சுவிட்சிலிருந்து கழற்றி, ஒரு கணினியை மட்டும் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். சர்வரின் வரிசையிலேயே வேறு யாருக்கும் போகாத ஒரு முகவரியை ரவுட்டருக்கு வைத்துவிட்டு, டிஎச்சிபியை நிறுத்துங்கள். பிறகு சுவிட்சிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட்டில் (உள் கணினிகளுக்கானது) செருகுங்கள். இந்த அமைப்புகளை மாற்றாமல் வான் போர்ட்டில் (வெளி இணைப்புக்கானது) செருகினாலும் பெரும்பாலும் சர்வர் திறக்கும்; ஆனால் வகுப்பு முழுவதும் சர்வரின் கண்ணுக்கு ஒரே கணினியாகத் தெரியும். இரண்டாவது ரவுட்டர் வைத்தால் அதிலும் இதே வேலைதான், இடம் காட்டுபவர் ஒருவரே. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சேனல்களை மட்டும், ஒன்றோடொன்று மோதாதபடி, ரவுட்டருக்கு ஒன்றாக 1, 6, 11 என்று பிரித்து வையுங்கள்.

இணையம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். சர்வரை வாங்கியதே அதற்குத்தானே! கிவிக்ஸில் (இணையமின்றி விக்கிப்பீடியா படிக்க உதவும் மென்பொருள்) இறக்கி வைத்த தமிழ் விக்கிப்பீடியாவுக்கும், கோலிப்ரி (இணையமின்றிப் பாடம் கற்க உதவும் மென்பொருள்) பாடங்களுக்கும் மோடம் தேவையே இல்லை. நாளைக் காலை மோடக் கேபிளைக் கழற்றிவிட்டு, கடைசி பெஞ்சிலிருந்து சர்வரைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால், அந்தக் கணினியில் தெரியும் முகவரியை அப்படியே எனக்கு எழுதுங்கள்.