வைரஸுக்கு உயிர் உண்டா? முதலில் ரைபோசோமைத் தேடுங்கள்

[திரையில்: கரும்பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகத் தேமல் விழுந்த புகையிலை இலை]

1955-ம் ஆண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹைன்ஸ் ஃபிராங்கெல்-கான்ராட், ராப்லி வில்லியம்ஸ் என்ற இருவர் புகையிலைத் தேமல் வைரஸைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு குழாயில் அதன் புரதம் மட்டும். இன்னொரு குழாயில் அதன் மரபணுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இரண்டையும் ஒன்றாக ஊற்றி வைத்தபோது, துண்டுகள் தாமாகவே பொருந்திப் பழையபடி குச்சி வடிவ வைரஸ் ஆகின. இலையில் தேய்த்தார்கள்; தேமல் வந்தது.

இதே வேலையை ஒரு பாக்டீரியாவிடம் காட்ட முடியாது. அதன் சவ்வைக் கிழித்து, புரதம் வேறு, டி.என்.ஏ. வேறு என்று பிரித்துவிட்டுத் திரும்பக் கலக்கினால் கிடைப்பது வெறும் கலங்கல். பிரித்துக் கோத்த பிறகும் முன்போலவே வேலை செய்கிறது என்றால், அது செல் அல்ல. வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஒன்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

[திரையில்: வைரஸின் குறுக்குவெட்டு. 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன்]

நடுவே 6,395 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அதைச் சுற்றிச் சுருள் சுருளாக 2,130 புரதத் துண்டுகள். 2,130-ம் ஒரே அச்சில் வார்த்தவை. அவ்வளவுதான். சவ்வு இல்லை, உணவைச் செரிக்கும் நொதி இல்லை, ஆற்றலுக்கான ஏ.டி.பி.யைத் தயாரிக்க வழி இல்லை. 1935-ல் வெண்டெல் ஸ்டான்லி இதை உப்பைப் போலப் படிகமாகவே பிரித்தெடுத்தார். அந்தப் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து இலையில் தேய்த்தாலும் நோய் வந்தது. அதற்கு 1946-ல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பரிசு வேதியியலுக்கு என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவைப் பக்கத்தில் வைப்போம். 46 லட்சம் எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ., நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள், சுற்றிலும் சவ்வு, உள்ளே ஆயிரக்கணக்கில் ரைபோசோம்கள். ரைபோசோம்தான் மரபணுச் செய்தியைப் படித்துப் புரதம் கட்டும் எந்திரம். பாக்டீரியா, காளான், வேப்பமரம், மனிதன், ஏறக்குறைய எந்தச் செல்லை எடுத்தாலும் ரைபோசோம் இருக்கும். வைரஸ் எதுவும் சொந்தமாக ரைபோசோம் கட்டிக்கொள்வதில்லை. மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

காய்ந்த விதையும் சும்மாதானே கிடக்கிறது, அதுவும் வைரஸும் ஒன்றா என்று கேட்கலாம். இல்லை. விதைக்குள் செல்கள் இருக்கின்றன, ரைபோசோம்களும் இருக்கின்றன. ஈரம் பட்டால் தன் கையிருப்பை வைத்தே முளைக்கத் தொடங்கும். வைரஸுக்குத் தண்ணீர், சர்க்கரை, இதமான சூடு, எதைக் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது. ஆய்வகத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்களை அகார் தட்டில் வளர்த்துவிடலாம். வைரஸை வளர்க்க உயிருள்ள செல்லே வேண்டும்.

[திரையில்: கீறல் விழுந்த இலைச் செல், உள்ளே நுழையும் குச்சிகள்]

தாவரச் செல்லின் சுவரைத் துளைக்கும் திறன்கூடத் தேமல் வைரஸுக்குக் கிடையாது. ஆய்வகத்தில் இலைமேல் சிலிக்கான் கார்பைடு தூளைத் தூவி, நோய்ச்சாற்றை மெல்லத் தேய்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகத்தான் அது உள்ளே போகும். போனதும் இழையின் ஒரு நுனியில் சில புரதங்கள் கழன்றுகொள்கின்றன. செடியின் ரைபோசோம் அந்த நுனியைப் பிடித்துப் படிக்கத் தொடங்குகிறது. படித்துக்கொண்டே போகப் போக, மீதிப் புரதங்களையும் அதுவே உரித்துத் தள்ளுகிறது. வந்தவனின் சட்டையைக் கழற்றுவதுகூட வீட்டுக்காரர்தான்!

இதன் பிறகு நடப்பதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வைரஸ் செல்லுக்குள் போய் வளர்ந்து, இரண்டாகப் பிளந்து, பெருகுவதில்லை. பாக்டீரியாதான் அப்படி: நல்ல சூழலில் ஈ. கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளந்து 1, 2, 4, 8 என்று கூடும். அதே ஈ. கோலையைத் தாக்கும் டி4 என்ற வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்திய முதல் பத்து நிமிடத்துக்குள் அந்தச் செல்லை உடைத்துப் பார்த்தால், நோய் உண்டாக்கும் வைரஸ் ஒன்றுகூடக் கிடைக்காது. கணக்கு பூஜ்யம்! பிறகு தலை, வால், வால் நார் என்று தனித்தனியாகத் தயாராகி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. 37 டிகிரியில் ஏறத்தாழ 25-வது நிமிடம் செல் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவை வெளியே வரும். எந்த உயிரினத்தின் வாழ்க்கையிலும் இப்படி நடுவில் ஒரு பூஜ்யம் வராது.

அளவை வைத்துப் பிரிக்கலாம் என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். நம்பாதீர்கள். 1992-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு குளிரூட்டும் கோபுரத் தண்ணீரில், அமீபாவுக்குள் கிடைத்த ஒன்றைப் பாக்டீரியா என்றே நினைத்தார்கள். பாக்டீரியாவுக்கான கிராம் சாயத்தைக்கூட அது ஏற்றது. 2003-ல்தான் வைரஸ் என்று தெரிந்து மிமிவைரஸ் எனப் பெயர் வைத்தார்கள். அதன் டி.என்.ஏ.வில் சுமார் 12 லட்சம் எழுத்துகள். மைகோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவுக்கு இருப்பதோ 5.8 லட்சம்தான். அடுத்தவர் செல்லுக்குள் மட்டும் வாழ்வதும் அடையாளம் ஆகாது. கிளமிடியா பாக்டீரியாவும் அப்படித்தான். ஆனால் கிளமிடியாவிடம் சொந்த ரைபோசோம் உண்டு, அது பிளந்துதான் பெருகும். மிமிவைரஸிடம் இந்த இரண்டும் இல்லை.

[திரையில்: மாத்திரை அட்டை, பக்கத்தில் ரைபோசோம் படம்]

இது வெறும் ஏட்டு வாதம் அல்ல. பெனிசிலின் பாக்டீரியாவின் செல் சுவர் கட்டுமானத்தைக் கெடுக்கிறது. அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் இரண்டும் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டுகின்றன. சுவரும் இல்லாத, ரைபோசோமும் இல்லாத ஜலதோஷ வைரஸை இவை எங்கே போய்ப் பிடிக்கும்?

வயலில் இதற்கு இன்னும் தெளிவான சாட்சி உண்டு. செடிகள் குட்டையாகி, இலைகள் சிறுத்துப் போகும் சில நோய்களை நெடுங்காலம் வைரஸ் நோய் என்றே எழுதிவந்தார்கள். 1967-ல் ஜப்பானில் அப்படிப்பட்ட மல்பெரி நோய் ஒன்றுக்கு, டாக்ஸிசைக்ளினின் இனத்தைச் சேர்ந்த டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்ததும் அறிகுறிகள் அடங்கின. டெட்ராசைக்ளின் வேலை செய்தால் உள்ளே பாக்டீரிய ரைபோசோம் இருக்க வேண்டும்; எலக்ட்ரான் நுண்ணோக்கியும் செல்களைக் காட்டியது. இன்று அவற்றைப் பைட்டோபிளாஸ்மா என்கிறோம். நம் ஊர்க் கத்தரியில் வரும் சிற்றிலை நோயும் இந்த வகைதான். அவற்றுக்குச் செல் சுவர் கிடையாது என்பதால் பெனிசிலின் மட்டும் பலிக்காது.

தக்காளியிலோ மிளகாயிலோ தேமல் விழுந்தால் பூஞ்சைக்கொல்லியும் ஆன்டிபயாடிக்கும் காசைக் கரைக்குமே தவிர, நோயைத் தீர்க்காது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. அசுவினி, வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்றால் மருந்து அந்தப் பூச்சிக்குத்தான், வைரஸுக்கு அல்ல. புகையிலைத் தேமல் வைரஸுக்கோ பூச்சியே தேவையில்லை, கை போதும். பதப்படுத்திய புகையிலையில்கூட அது வீரியத்தோடு கிடக்கும். ஆகவே பீடியோ சுருட்டோ தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் நாற்றங்காலுக்குள் இறங்க வேண்டும். நோய்ச் செடியை வெட்டிய கத்தியால் அடுத்த செடியைக் கவாத்து செய்யவும் கூடாது. நாற்று நடும்போது அவ்வப்போது கொழுப்பு நீக்கிய பாலில் கையை நனைத்துக்கொள்வதும் உண்டு. பாலின் புரதங்கள் இந்த வைரஸின் தொற்றும் திறனைக் குறைத்துவிடுகின்றன.