மழைக் கொழுந்தின் எடை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நம் மலையகத்தில் ஒரு தாய் சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் அச்சம்தான் தெரிகிறது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். 1945 இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குள் அடங்கவில்லை. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்தது. அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்ததை விட்டு விலகுவது எங்களுக்கும் இலேசான முடிவாக இருக்கவில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது என் மகள் தரம் மூன்றில் இருந்தாள். மூச்சிழுப்பு நோயால் அதற்கு முன்பே பாதி நாட்கள் வீட்டில்தான் இருந்தாள் என்பதால், வீட்டுக் கல்வியைத் தொடர்வதென்று முடிவு செய்தோம். முதல் ஆறு மாதங்கள் நான் செய்தது பெரும் பிழை. மணிக்கு மணி பாடம், நேர அட்டவணை, மாதப் பரீட்சை என்று பாடசாலையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். கேள்வி கேட்டே என்னைக் களைக்க வைத்த பிள்ளை, எதையும் கேட்காத பிள்ளையாக மாறிப்போனாள். பாடசாலைக்கு வெளியே பிள்ளையின் ஆர்வத்தின் வழியே நடக்கும் கற்றலை 1970களில் வலியுறுத்திய அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட்டைப் பற்றி அப்போதுதான் வாசித்தேன். அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அதன் இடத்தில் என்ன வைப்பது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஓர் ஆனி மாதத்து மழை.

தலவாக்கலைப் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தாயார் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அன்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவருடைய கூடையை நிறுத்தவர், தண்ணீருக்கென்று இரண்டு கிலோவைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் எழுதினார். வீட்டுக்கு வந்து இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்கை அவிழ்த்தபடி அம்மா அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பத்து வயது மகள் கேட்டாள்: "அம்மாயி, தண்ணி ரெண்டு கிலோ இருந்துச்சின்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டதுதான் அன்று நான் செய்த ஒரே கற்பித்தல். பிள்ளையின் போக்கில் விடுவது என்றால் பெரியவர் கைகட்டி நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அடுத்த நாள் பக்கத்து வீட்டிலிருந்து சமையலறைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி மேசையில் வைத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

மழையில் நனைந்த கொழுந்தை 500 கிராம் நிறுத்து, துணியில் பரப்பி இரவு முழுவதும் உலர விட்டாள். காலையில் அது 340 கிராமுக்கு இறங்கியிருந்தது. இலை வதங்கிச் சுருண்டிருந்ததைப் பார்த்தவள், மழைத் தண்ணீரோடு இலைக்குள் இருந்த தண்ணீரும் போய்விட்டதைத் தானே கண்டுபிடித்தாள். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்துதான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவது எதற்கென்று அவளுக்கு உடனே விளங்கியது. பிறகு துணியால் இலையை ஒற்றி ஒற்றி ஈரத்தை மட்டும் எடுத்து நிறுத்தாள். நான்கு மழை நாட்களின் சராசரி நூற்றுக்குப் 14 என்று வந்தது. சதவீதம் என்ற சொல்லை அன்று வரை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த ஆண்டு லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளை தேயிலையை நிறுத்துக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. சிங்களத்தை அவள் ஓராண்டுக்கு மேல் தொடவேயில்லை; அந்தக் குறை இன்றும் முழுதாகத் தீரவில்லை. நம் நாட்டில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதையும், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, பதினோராம் தரத்தின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற முடியும் என்பதையும் மனதில் வைத்துத்தான் இந்த வழியில் நடக்கிறோம். எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்; பகலில் ஒருவராவது வீட்டில் இருக்கக்கூடிய வசதி எங்களுக்கு வாய்த்தது.

கணக்கு முடிந்ததும் தாளோடு அம்மாயியிடம் போனாள். எட்டுக் கிலோவில் இரண்டு கிலோ கழித்தால் அது நூற்றுக்கு 25, இருபது கிலோவில் கழித்தால் 10, ஆகவே குறைவாகப் பறித்தவருக்குத்தான் நட்டம் கூடுதல் என்று விளக்கினாள். அம்மா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "பதினாறு கிலோன்னா?" என்றார்.

மகள் பென்சிலை எடுத்து, நூற்றுக்குப் 14 என்று கணக்குப் போட்டாள். இரண்டு கிலோ 240 கிராம். கழித்ததை விடத் தண்ணீர் கூடுதல். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, அம்மாயி பார்த்துக்கொண்டிருக்க, அதையும் அதே தாளில் எழுதி வைத்தாள்.

வணக்கம்.